ஒற்றை விசில்

ஒருவன் தானாக முன்வந்து நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட்டால் போலீஸ்காரனுக்கு வேலை முடிந்துவிட வேண்டும். எங்கள் இன்ஸ்பெக்டர் டவ்ஸுக்கு வேலை அங்கேதான் ஆரம்பிக்கும். அவருக்குப் பதவி உயர்வு வராததற்கும் எனக்குத் தூக்கம் வராததற்கும் அதுதான் காரணம்.

அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. லிங்கன்ஷையர் மேட்டு நிலத்தில், ஸ்கெல்பி கிராமத்து ஷார்ப்ளி பண்ணையில், முப்பது ஏக்கர் வயலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். நான் நின்றேன். இன்ஸ்பெக்டர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றினார். முந்தின இரண்டு இரவும் வேறோர் ஊரில் வாத்துத் திருடனுக்காக வேலியோரம் படுத்துக் கிடந்தோம். வாத்தும் கிடைக்கவில்லை, திருடனும் கிடைக்கவில்லை, ஜலதோஷம்தான் கிடைத்தது.

"இந்த வருஷத்துல இது எத்தனாவது பொணம், கிரம்மிட்?"

"பதினொண்ணு சார். வாத்த சேக்காம."

கான்ஸ்டபிள் கிரம்மிட் என்பது நான்தான். இன்ஸ்பெக்டரின் பையைத் தூக்குவதும், குறிப்பு எழுதுவதும், அவர் பேசாத நேரத்தில் பேசுவதும் என் வேலை.

எங்களுக்கு எதிரே பதினாறு டன் எடையில் ஒரு நீராவி இஞ்சின் ஆறிப்போய் நின்றது. ஆள் உயரத்துக்கும் மேலே சக்கரங்கள். வயிற்றுக்கு அடியில் படுக்கை வாட்டமாக ஒரு பெரிய உருளை, அதில் நானூறு கஜம் இரும்புக் கயிறு. வயலின் மறு ஓரத்தில் இதற்கு ஜோடி இஞ்சின் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் நடுவே கலப்பை. இது இழுத்தால் கலப்பை இந்தப் பக்கம் வரும், அது இழுத்தால் அந்தப் பக்கம் போகும். நாள் முழுக்க இப்படியே மாறி மாறி இழுத்தால் குதிரைகள் பத்து நாளில் உழுவதை ஒரே நாளில் உழுதுவிடலாம்.

செவ்வாய்க்கிழமை காலை அப்படி இழுத்தபோது கலப்பைக்கு முன்னால் ஒரு மனிதன் இருந்தான். பெயர் ஏபல் போரில். கலப்பையில் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறவன் அவன்தான்.

இழுத்தவன் மார்க் ஸ்னீத், முப்பத்தைந்து வயது. ஏபலின் தங்கை புருஷன். சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை.

"முதல்லேர்ந்து சொல்லு, மார்க்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எத்தன தடவ சொல்றது, ஐயா. விசில் கேட்டுது. இழுத்தேன். மச்சான் செத்துட்டான். இதுல முதல் என்ன, முடிவு என்ன."

"பனி எவ்வளவு இருந்துது?"

"என் இஞ்சின் புகைப்போக்கியே எனக்குத் தெரியல."

"அப்படிப்பட்ட பனியில எதுக்கு உழுதீங்க?"

"மழை பிடிக்கறதுக்குள்ள இன்னும் ஆறு பண்ணை முடிக்கணும். பனிய பாத்தா முடியுமா? பனி விழுந்தா எங்களுக்குக் காதுதான் கண்ணு. கலப்பை எந்தப் பக்கம் நிக்குதோ அந்தப் பக்கத்து டிரைவர் விசில் குடுப்பான். ஒண்ணு ஊதினா இழு. ரெண்டு ஊதினா பொறு. நீளமா ஊதினா தண்ணி வண்டி வரணும். இதான் எங்க பாஷை."

"அன்னிக்கு எத்தன?"

"ஒண்ணு. சுத்தமா ஒண்ணு."

"பக்கத்துப் பண்ணையில வேற இஞ்சின் ஊதியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

மார்க் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "உங்க வீட்டு நாய் குலைச்சா உங்களுக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா நானும் வால்டரும் ஒண்ணா ஓட்டறோம். அது வால்டரோட விசில்தான்."

வால்டர் எப்டன் எதிர் இஞ்சினின் டிரைவர். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் ஒரே வார்த்தைதான் சொல்கிறான்: விசிலை நான் தொடவே இல்லை.

இன்ஸ்பெக்டர் அதைச் சொன்னார். மார்க் மெதுவாகச் சொன்னான்:

"வால்டர் பொய் சொல்ற ஆளில்ல, ஐயா. அப்ப நான்தான் கனவு கண்டிருக்கணும். காலையில நாலு மணிக்கு எழுந்து நெருப்பு போட்டவன். ஆறு மாசமா இதே பொழப்பு. நின்னபடியே தூங்கியிருப்பேனோ என்னவோ. என் பொண்டாட்டி கெசையாவும் அப்படித்தான் நெனைக்கறா. எங்கண்ணன தூங்கி வழிஞ்சு கொன்னுட்டியேன்னு ஒரு வார்த்த கேட்டா. அதோட சரி. ரெண்டு நாளா முகத்த பாக்கல. நானும் வீட்டுக்குப் போகல."

மதியம் இரண்டு மணிக்குக் கறுப்புக் குதிரை சத்திரத்து மாடியில் மரண விசாரணை. கவனக்குறைவால் கொன்றான் என்று ஜூரி சொன்னால் மார்க்கை நாங்களே லிங்கன் சிறைக்கு அழைத்துப் போக வேண்டும். இன்ஸ்பெக்டர் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தால் அவரைத்தான் சிறைக்கு அழைத்துப் போகிறார்களோ என்று தோன்றும்.

உழுத வயலில் நானூறு கஜம் நடப்பதும் நாலு மைல் நடப்பதும் ஒன்றுதான். பாதி வழியில் நான் ஒரு தடவை முழங்கால் வரை உள்ளே போனேன். எழுந்திருக்கும்போது இரண்டு கையும் சேறு.

"சார், இத உழுதுட்டாங்களா, இல்ல இனிமேதான் உழணுமா?"

"பேசாம நட, கிரம்மிட்."

மறு ஓரத்துக்குக் கொஞ்சம் இப்பால் கலப்பை நின்றது. பிள்ளைகள் ஏறி ஆடும் சீசாப் பலகை போல இருந்தது அது. ஒரு பக்கத்துக் கொழுக்கள் மண்ணில் இருந்தால் மறு பக்கத்துக் கொழுக்கள் வானத்தைப் பார்க்கும். வயல் முனைக்கு வந்ததும் கலப்பையைத் திருப்ப வேண்டியதில்லை. உழுகிறவன் இறங்கி மறுபக்கம் போய் அதைக் கீழே அழுத்தி, அங்கே ஏறி உட்கார வேண்டும். அப்படி மறுபக்கம் போகும்போதுதான் அவன் கயிற்றுக்கும் கொழுவுக்கும் நடுவே நிற்பான். ஏபல் அங்கேதான் செத்தான். யாரோ அந்தக் கொழுக்கள் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள்.

வால்டர் எப்டன் எண்ணெய்த் துணியால் இஞ்சினின் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாற்பது வயது. ஒடிசலான ஆள். இஞ்சின் கல்யாணப் பெண் மாதிரி பளபளத்தது.

"இங்க ஒருத்தன் செத்துக் கெடந்திருக்கான். நீ மினுக்கிட்டு இருக்க," என்றேன்.

"ஈரம் ஐயா. விட்டா துரு பிடிச்சுடும்," என்றான். துணி நிற்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார். அவன் சொன்னான். கலப்பை அவன் பக்கம் வந்து நின்றது. கொழுவில் அறுகம்புல் வேர் சுற்றியிருந்தது. ஏபல் இறங்கி, மார்க் இழுக்கும் பக்கமாக முன்னால் போய் அதைப் பிடுங்கினான். திடீரென்று கயிறு விறைத்தது. வால்டர் கத்தினான். பனியில் அது மார்க்குக்குக் கேட்கவில்லை.

"விசில்?"

"தொடவே இல்ல."

இஞ்சின் பக்கத்தில் ஒரு மரத்தொட்டி இருந்தது. தண்ணீர் வண்டி அதில் ஊற்றும், இஞ்சின் குழாய் வைத்து உறிஞ்சிக்கொள்ளும். பாதித் தொட்டி மிச்சம் இருந்தது. இந்தப் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது என்று எனக்குத் தோன்றியதால், சேற்றுக் கையை அதில் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. அரைக்கட்டி சோப்பு கரைத்தாலும் நுரை வராது, பால் திரிந்தது போலத் திட்டுத் திட்டாக மிதக்கும். என் மனைவி திங்கட்கிழமைதோறும் துணியைத் துவைக்கிற நேரத்தைவிடத் தண்ணீரைத் திட்டுகிற நேரம் அதிகம். அன்றைக்கோ என் இரண்டு கையும் வெள்ளை வெளேரென்று நுரைத்தன.

"சார், ஷார்ப்ளி பண்ணையில தண்ணியிலயே சோப்பு போட்டுத் தராங்க. என் வீட்டுக்காரிகிட்ட சொன்னா நாளைக்கே பெட்டியத் தூக்கிட்டு இங்க குடி வந்துடுவா."

துணி நின்றது. வால்டர் திரும்பவில்லை, ஆனால் கை அப்படியே பித்தளை மேல் நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து குனிந்து தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தார். நானும் மோந்து பார்த்தேன். புகையிலை வாடையும் ஆட்டு வாடையும் கலந்து அடித்தது. அவர் நிமிர்ந்து இஞ்சினின் புகைப்போக்கியைப் பார்த்தார், அதற்குப் பின்னால் இருந்த முள்வேலியைப் பார்த்தார். வேலியின் மேல் பக்கத்து இலைகளில் மட்டும் கரியும் சுண்ணாம்பும் கலந்த தெறிப்பு காய்ந்துபோயிருந்தது. கீழ் இலைகள் சுத்தம். பிறகு வால்டரின் தொப்பியைப் பார்த்தார். அதிலும் வெள்ளைப் புள்ளிகள்.

"என்ன வால்டர், காக்கா கூட்டத்துக்கு அடியில படுத்தியா?" என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான்.

"தண்ணி வண்டிக்காரன் எங்க இருக்கான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தண்ணீர் வண்டிக்காரன் பெயர் ஈனாக். பாதையோரம் குதிரைக்குப் புல் காட்டிக்கொண்டு நின்றான். குதிரையும் அவனும் ஒரே வேகத்தில் மென்றுகொண்டிருந்தார்கள். கேட்டதற்குப் பதில் வரும், கேட்காததற்கு ஒரு சொல் கூட வராது என்கிற ரகம்.

"செவ்வாக்கிழமை தண்ணி எங்க எடுத்த?"

"வாய்க்கால்ல."

"எந்த வாய்க்கால்?"

"ஆட்டு வாய்க்கால்."

"ஏன், அதோ குளம் இருக்கே? பாத்தா இஞ்சினே இறங்கிக் குளிக்கலாம் போல இருக்கு," என்றேன்.

ஈனாக் தாடையால் சுட்டிக்காட்டினான். குளத்துக்குப் போகிற படலில் புதுச் சங்கிலி, புதுப் பூட்டு.

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமை. நாங்க இஞ்சினோட வந்து சேர்ந்தப்பவே பூட்டியிருந்துது. பண்ணைக்காரர்தான் ஆட்டு வாய்க்கால்ல எடுத்துக்கச் சொன்னாரு."

"ஆடு அதுல என்ன பண்ணுது?"

"சொறி மருந்துக்குளியல். சனிக்கிழமை நானூறு ஆடு முக்கினாங்க. மென்சோப்பும் புகையிலச் சாறும். முடிஞ்சதும் தொட்டிய அதுலதான் திறந்து விட்டாங்க."

"ரெண்டு இஞ்சினுக்கும் ஊத்தினியா?"

"வால்டருக்கு மட்டுந்தான். மார்க்கு வர்ற வழியில ஆத்துல புடிச்ச தண்ணியே வெச்சிருந்தான். அவனுக்குக் கொண்டு போறதுக்குள்ளதான் இப்படி ஆயிடுச்சே."

"வால்டர்கிட்ட சொன்னியா, இது ஆட்டு வாய்க்கால் தண்ணின்னு?"

ஈனாக் மெல்வதை நிறுத்தினான். "சொன்னேன். மொகத்த சுளிச்சான். உள்ள நெருப்பு போட்டாச்சு, தண்ணி கொறஞ்சா பாய்லர் வெடிக்கும், இருக்கறத ஊத்துன்னான்."

திரும்பி நடக்கும்போது இன்ஸ்பெக்டர் நொண்டினார். சோப்புத் தண்ணீரைக் கொதிகலனில் ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இஞ்சின் டிரைவராக இருக்க வேண்டியதில்லை. பால் பொங்குவதைப் பார்த்திருந்தால் போதும். உள்ளே தண்ணீர் நுரைத்து மேலே ஏறும். ஆவி போக வேண்டிய குழாயிலெல்லாம் தண்ணீர் போகும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் இரும்பு மூடியே தெறித்துவிடும். மிச்சம் புகைப்போக்கி வழியாக மழையாகக் கொட்டும், வேலி மேலும் தொப்பி மேலும்.

"ஆனா சார், இஞ்சின் பொங்கினதுக்கும் விசிலுக்கும் என்ன சம்பந்தம்? பொங்கின இஞ்சின் தானா ஊதுமா?"

"ஊதாது. அதான் எனக்கும் புரியல. ஆனா அவனுக்குப் புரியும். அவன் வாயால வராது, அவன் கையால வரவெக்கணும்."

மணி பத்தரை. வால்டர் அதே இடத்தில், அதே துணியோடு நின்றான்.

"வால்டர்," என்றார் இன்ஸ்பெக்டர், ஒரு சிட்டிகை புகையிலை கேட்கிறவர் குரலில். "நெருப்பு போடு. ஒரு மணிக்குள்ள ஆவி ஏறிடுமில்ல? உன் விசில ஒரே ஒரு தடவ கேட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"பாய்லர வடிக்கணும் ஐயா. நல்லா கழுவணும். அப்புறம் ஆத்துத் தண்ணி ரொப்பி..."

"எதுக்கு? உள்ள இருக்கற தண்ணியில செவ்வாக்கிழமை ஓட்டினியே. ஏதாவது ஆச்சுன்னு நீ சொல்லலியே?"

வால்டர் துணியைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"சரி, உனக்கு முடியலன்னா விடு. கிரம்மிட், நீ போய் மார்க்கக் கூட்டிட்டு வா. அவன் போடட்டும்."

நான் இரண்டடி எடுத்து வைத்திருப்பேன். வால்டர் துணியைப் போட்டுவிட்டு நெருப்புக் கதவுக்கு முன்னால் வந்து குறுக்கே நின்றான். பொய்யை இரண்டு நாள் காப்பாற்றியவனால் இஞ்சினை ஆபத்தில் விட முடியவில்லை.

"வேணாம் ஐயா. மூடி தெறிச்சுடும். போன வருஷம் ஒரு தடவ இப்படித்தான் பொங்கித் தெறிச்சுது. குளிர்காலம் பூரா என்ன வேலைக்கு வெக்கல."

"அப்ப செவ்வாக்கிழமை பொங்கிச்சு."

"பொங்கிச்சு."

"விசில் ஊதின."

வால்டர் படியில் உட்கார்ந்தான். எங்கள் மூன்று பேரிலும் அப்போது அதிகம் களைத்திருந்தவன் அவன்தான்.

"ஊதினேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அப்ப மார்க் கேட்டது நிஜம். ஆள் முன்னால நிக்கறான்னு தெரிஞ்சே இழுன்னு ஊதியிருக்க."

"இல்ல ஐயா. நான் ஊதினது ரெண்டு."

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"கலப்பை இந்தப் பக்கம் வந்துட்டு இருக்கறப்பவே பொங்க ஆரம்பிச்சுது," என்றான் வால்டர். "ஆவிய மூடிட்டேன். கலப்பை முனைக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுடுச்சு. ஏபல் எறங்கி முன்னால போயி வேரப் பிடுங்கினான். நான் பாத்தேன். நேரமாகும், மார்க் அங்க கொழம்பிட்டு நிப்பான், பொறுன்னு சொல்லுவோம்னு ரெண்டு ஊதினேன். ஏபலுக்காகத்தான் ஊதினேன், ஐயா. மொத ஊதல்ல விசில் பூரா தண்ணி. களகளன்னு துப்பிச்சு, அவ்வளவுதான். ரெண்டாவது நல்லா வந்துது."

"மார்க்குக்கு ஒண்ணுதான் கேட்டுது," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுன்னா இழு."

இந்த மாதிரி நேரத்தில் பேசுவதுதான் என் வேலை, ஆனால் எனக்கு வாய் வரவில்லை. எதைச் சொன்னாலும் தப்பாக இருக்கும் என்று தோன்றியது.

"ஏன் தொடவே இல்லன்ன?"

"காப்பாத்த ஊதின விசிலே ஆளக் கொன்னுடுச்சுன்னு எப்படிச் சொல்றது? மொத நாள் வாய் வரல. ரெண்டாம் நாள் மார்க்கு தன்மேலயே பழியப் போட்டுக்கிட்டான். அதுக்கப்புறம் சொல்ல முடியல."

"ரெண்டு மணிக்குச் சொல்லுவ," என்றார் இன்ஸ்பெக்டர். அதட்டவில்லை. ஒரு காலி ஜிஞ்சர் பீர் பாட்டிலை என்னிடம் கொடுத்துத் தொட்டித் தண்ணீரைப் பிடிக்கச் சொன்னார்.

கறுப்புக் குதிரை சத்திரத்து மாடியில் ஈரக் கம்பளி நாற்றம். மரண விசாரணை அதிகாரி நடுவில், ஜூரி பதின்மூன்று பேர் சுவரோரம். எல்லோரும் அக்கம்பக்கத்துக் குடியானவர்கள், கடைக்காரர்கள். பின் வரிசையில் கறுப்புச் சால்வையோடு மார்க்கின் மனைவி கெசையா. மார்க் முன் பெஞ்சில், அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். ஜூரித் தலைவர் நாற்காலியில் கஞ்சி போட்ட காலரோடு ஒரு சிவந்த முகம். நாங்கள் நுழையும்போதே அந்த முகம் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "இதுல விசாரிக்க என்ன இருக்கு, ஐயா? இஞ்சின்காரன் தூங்கிட்டான். ஊருக்கே தெரியும்."

"யாருய்யா அது?" என்று வாசலில் நின்ற சத்திரக்காரரிடம் கேட்டேன்.

"ஷார்ப்ளி. பண்ணைக்காரர்."

இன்ஸ்பெக்டருக்கும் அது கேட்டது. அன்றைக்கு முதல் தடவையாக அவர் நொண்டாமல் நடந்தார்.

வால்டர் சாட்சி சொன்னான். ஒரு வார்த்தையும் மறைக்கவில்லை, தன்னையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு ஊதினேன் என்று சொன்னபோது மார்க் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நான் பாட்டிலைக் குலுக்கி மூடியைத் திறந்தேன். நுரை பொங்கி என் கை வழியாக அதிகாரியின் காகிதங்கள் மேல் வழிந்தது. அவர் என்னை முறைத்துவிட்டு அடுத்த சாட்சி யார் என்று கேட்டார்.

"உங்க ஜூரித் தலைவர்தான், ஐயா," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஷார்ப்ளி எழுந்துவிட்டார். "ஜூரியில உக்காந்தவன சாட்சிக் கூண்டுல ஏத்தறது எந்த ஊர் நியாயம்?"

அதிகாரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், ஷார்ப்ளியை ஜூரியிலிருந்து விலக்கினார். சத்தியம் செய்து வைத்தார். மிச்சம் பன்னிரண்டு பேர், சட்டத்துக்கு அது போதும்.

"குளத்த பூட்டினது நீங்களா?"

"என் குளம், என் பூட்டு. இந்த வருஷத்து வெயில்ல மாட்டுக்குன்னு மிஞ்சினது அதுதான். அந்த ரெண்டு இரும்பு பூதமும் நாளைக்கு எட்டு வண்டி குடிக்கும். நான் எங்க போவேன்?"

"அதனால ஆட்டு வாய்க்கால்ல எடுத்துக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். தண்ணின்னா தண்ணிதானே. பாய்லர் என்ன நாக்க வெச்சு ருசி பாக்குதா?"

ஜூரியில் ஒருவர் சிரித்தார். இன்ஸ்பெக்டரும் சிரித்தார்.

"நியாயமான பேச்சு. அப்ப ஒரு சந்தேகம், மிஸ்டர் ஷார்ப்ளி. மாட்ட அந்த வாய்க்காலுக்கு ஓட்டிட்டு, குளத்த இஞ்சினுக்கு விட்டிருக்கலாமே?"

"மாட்டையா? அந்தத் தண்ணியிலயா? செத்துப்போயிடுமே."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. சிரித்த ஜூரிக்காரர் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வேறு கேள்வி கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

விபத்தால் மரணம் என்று எழுதினார்கள். மார்க் மேல் குற்றமில்லை. பண்ணைத் தண்ணீரைப் பற்றி ஒரு வருத்தக் குறிப்பும் சேர்த்தார்கள். அவ்வளவுதான். ஷார்ப்ளி செய்ததற்குச் சட்டத்தில் பெயர் கிடையாது. குளத்தைப் பூட்டுவது குற்றமில்லை, ஆட்டைக் குளிப்பாட்டுவதும் குற்றமில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். எனக்கு வயிறு எரிந்தது. என் முப்பது வருஷத்தில் இப்படி எரிய வைத்தவர்கள் பாதிப் பேர் படியிறங்கித்தான் போயிருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்தது. வால்டர் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தான், போவதா இருப்பதா என்று தெரியாமல். கெசையா பின் வரிசையிலிருந்து எழுந்து நேரே அவன் முன்னால் போய் நின்றாள். குட்டையான பெண். அண்ணாந்துதான் அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது.

"வால்டர், மொத ஊதல் சத்தம் வரலன்னு உனக்கு அப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சதும் என்ன பண்ணின?"

"சிலிண்டர்ல தண்ணி நின்னுது. அத வடிக்கற குழாயத் திறந்தேன். மூடி போயிடக் கூடாதேன்னு. பழக்கம். கை தானா அங்க போயிடுச்சு."

"மறுபடி ரெண்டு ஊதறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அவன் தன் வலது கையைப் பார்த்தான்.

"ஒரு மூச்சு நேரம்," என்றான்.

அவள் தலையாட்டினாள். அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை, சபிக்கவும் இல்லை. திரும்பி முன் பெஞ்சுக்கு நடந்து வந்து மார்க்கின் பக்கத்தில் நின்றாள். அவன் இன்னும் நிமிரவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு அண்ணன எடுக்கறோம்," என்றாள். "பெட்டிய தூக்க ஆறு பேர் வேணும். அஞ்சு பேர்தான் இருக்காங்க. நீ முன்னால பிடிக்கணும்."

மார்க் எழுந்தான். இரண்டு நாள் உட்கார்ந்தே இருந்தவனுக்குக் கால் மரத்திருந்தது. அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.